பத்துக்கு எட்டில் எட்டுப் பேர்

முதலில் ஆனந்தமேரி பார்த்தது அவனை இல்லை... தன்னைத்தான்.

அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி. இப்போதோ அப்போதோ என்று சிறுமலைப் பக்கம் மழை கறுத்து நின்றது. தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை முடிந்து நாகல் நகர் ரோட்டில் வேகமாக வந்துகொண்டிருந்தாள். எதிரே ஒருத்தி வந்தாள். தலை முழுக்கப் பட்டைத் தூசி. முழங்கை வரைக்கும் செம்பழுப்புக் கறை. சேலையைத் தூக்கி இடுப்பில் செருகி, தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி வந்தாள்.

'யாருடீ இவ... என்னைய மாதிரியே...'

நாலு எட்டு வைத்த பிறகுதான் விளங்கியது. முன்னால் போகிற ஒருத்தன் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை முதுகில் கயிற்றால் கட்டிச் சுமந்து போகிறான். அதற்குள் வருகிறவள் அவளேதான்.

இருபத்திரண்டு வயசில் அவள் தன்னை முழுசாகப் பார்த்ததே இல்லை. வீட்டில் இருப்பது உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது. வாயைப் பார்த்தால் கண் தெரியாது. இப்போதுதான்... ஓ, எனக்குக் கழுத்து இம்புட்டு நீளமா? கண்ணு இம்புட்டுப் பெருசா?

அப்புறம் பார்வை தன்னை விட்டு நகர்ந்தது. கண்ணாடிக்குள், அவளுக்குப் பின்னால் விட்டுவந்த சந்து தெரிந்தது. ரெண்டு மாட்டு வண்டி ஒதுங்க முடியாத சந்து. உள்ளே அது எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது... வானம்கூட ஒரு துண்டு கூடுதலாக இருந்தது.

அட, இதைச் சுவரில் மாட்டினால்... எட்டுப் பேர் உட்காரலாம் போலிருக்கே!

இன்னும் கிட்டே போனாள். இன்னும் கிட்டே. முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டு அவன் சடக்கென்று திரும்பினான். கண்ணாடியும் திரும்பியது. அவள் கையில் ஆடிக்கொண்டிருந்த தூக்குவாளி கீழ் மூலையில் போய் 'ணங்' என்று மோதியது.

மூலையிலிருந்து கோணலாக ஒரு கீறல் ஓடி நின்றது.

"ஏம்மா! கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

"கண்ணாடியில இருந்துச்சு" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

"நக்கலா?"

"நீங்க சொல்லாமக் கொள்ளாமத் திரும்புனா நான் என்னா பண்ணுவேன்? கண்ணாடிய முதுகுல கட்டிக்கிட்டுப் போறவுக மெதுவாத் திரும்பணும்."

"முதுகுல எனக்குக் கண்ணு இல்லம்மா!"

"எனக்கு மட்டும் இருக்கா? நான் முன்னாடி பாத்துத்தான் வந்தேன்."

அவனுக்குக் கறுத்து இறுகிய உடம்பு. மூட்டை தூக்கித் தூக்கித் தடித்த தோள். ஆனால் கண்கள் மட்டும் அந்த உடம்புக்குச் சேராத மாதிரி... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை அவன் பார்த்தான். ரெண்டு பேருமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"ஒடச்சது நான். கடைக்கு நானே வந்து சொல்றேன், வாங்க" என்று அவள் முன்னால் நடந்தாள்.

"எந்தக் கடைன்னு தெரியுமா?"

நின்றாள். "...தெரியாது. முன்னாடி போங்க."

படத்துக்குச் சட்டம் போடுகிற கடை அது. முதலாளி நூர் முகமது, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கீறலைப் பார்த்தார்.

"ஒடஞ்ச கண்ணாடிய எவனும் வீட்டுக்குள்ள விட மாட்டான். ஏம்ப்பா ஞானராஜ், நீதானே ரயிலடியிலேருந்து பூ மாதிரி கொண்டாறேன்னே?"

"பாய், பூவுக்குப் பின்னாடி இந்தம்மா வரும்னு எனக்கு என்ன தெரியும்?"

"அத எனக்குக் குடுங்க" என்றாள் ஆனந்தமேரி. "சும்மா வேணாம். ஏதாச்சும் வேலை சொல்லுங்க, செஞ்சு கழிச்சிர்றேன்."

ஞானராஜ் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சேலைக்குள் மறைக்கப் போனாள்.

"இந்தக் கறை போகாதா?"

"பட்டைச் சாறு. எட்டு வருசமா இடிக்கிறேன். எப்பிடிப் போகும்?"

"பாய், இந்தக் கலரத்தான நாம சட்டத்துக்குத் தேடிக்கிட்டிருக்கோம்? கடையில வாங்குற சாயம் ஒரு மழைக்காலத்துல வெளுத்துருது. இது எட்டு வருசமா நிக்கிதாமே!"

பாய் சிரித்துவிட்டார். வாரம் ஒரு பானை பட்டைச் சாறு, ரெண்டு மாசத்துக்கு. கண்ணாடி அவளுக்கு. பேச்சு முடிந்தது.

"ஒடஞ்ச கண்ணாடி உனக்கு எதுக்கும்மா?" என்று ஞானராஜ் கேட்டான்.

அவள் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள்.

அவள் வீடு தோல் ஷாப்புக்குப் பின்னால் வரிசையாக நிற்கிற லைன் வீடுகளில் ஒன்று. பத்தடிக்கு எட்டடி. அப்பா போய் நாலு வருஷமாச்சு. அவளும் அம்மாவும்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சூசைமுத்து, பஸ் கண்டக்டர். மாப்பிள்ளையின் தாயார் தரகரிடம் சொல்லிவிட்டிருந்தாள்... 'எட்டுப் பேரு வாரோம். அந்தப் பொந்துக்குள்ள எங்க உக்கார? வேற எங்கிட்டாச்சும் வச்சுக் காட்டுங்க.'

வேறு எங்கிட்டாச்சும் என்றால் லைனுக்கு முன்னால் இருக்கிற செபாஸ்தியம்மாளின் வீடு; லைன் வீடுகள் எல்லாம் அவளுக்குச் சொந்தம். லைனில் எந்தப் பெண்ணைப் பார்க்க வந்தாலும் அங்கேதான் வழக்கம். நாலு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம். செபாஸ்தியம்மாள் நடு நாற்காலியில் உட்கார்ந்து, பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்வாள். வந்தவர்கள் கடைசியில் கேட்பார்கள்: 'ஆமா, இது யார் வீடு?' பெண் தலையைக் குனிந்துகொள்ளும். மூன்று பெண்கள் அப்படிக் குனிந்ததை ஆனந்தமேரி வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

"நான் குனிய மாட்டேன். என்னையப் பாக்க வர்றவுக என் வீட்டுல உக்காரட்டும். எட்டுப் பேரும்."

நூர் முகமது மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். பிறகு ஞானராஜ் மெதுவாகச் சொன்னான்:

"கண்ணாடி மட்டும் பத்தாது. கண்ணாடி இருக்குறதத்தான் ரெட்டையாக் காட்டும். குப்பை இருந்தா ரெண்டு குப்பை. நான் வந்து ரூமப் பாக்கணும்."

மறுநாள் சாயங்காலம் வந்தான். கதவைத் தள்ளினான். பாதி திறந்து 'டக்' என்று கட்டிலில் இடித்து நின்றது. அந்தப் பாதி வழியாக உடம்பைத் திருகி உள்ளே நுழைந்தான்.

ஒரு மூலையில் அடுப்பு. அதற்கு மேல் சுவர் கரியாக மின்னியது. ஒரு மூலையில் விறகு. தகரப் பெட்டி, பானைகள், சுருட்டிய பாய்கள். சுவர் நிறையக் காலண்டர்... ஐம்பத்தொன்றாம் வருஷத்திலிருந்து பதினொன்று. மாதா படம் இருக்கிற தாளைக் கிழிக்கக் கூடாது என்று அம்மா எல்லாவற்றையும் வைத்திருந்தாள். நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன் மேல் யாரும் படுப்பதில்லை. அப்பா செத்துப்போன கட்டில்.

அம்மா அதன் பக்கத்தில் நின்றுகொண்டாள். "கட்டிலத் தொடக் கூடாது, தம்பி. முன்னாடியே சொல்லிப்புட்டேன்."

அவன் வாதாடவில்லை. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். கையை விரித்துச் சுவருக்குச் சுவர் அளந்தான். "கதவு கால்வாசி ரூமத் திங்கிது. கரி கால்வாசியத் திங்கிது. கட்டில் மீதியத் திங்கிது. நீங்க ரெண்டு பேரும் எங்க இருக்கீக?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"ஆத்தா, கட்டில வெளிய போட மாட்டேன். உத்தரத்துல கயிறு போட்டு மேல தூக்கிக் கட்டுறேன். பாயி, பெட்டி, பானை எல்லாம் அது மேல ஏறிக்கும். உங்க கண்ணுக்கு முன்னாடியேதான் இருக்கும்... மேல. எங்க சிறுமலையில வாழைத்தாரு அப்பிடித்தான் கட்டி வைப்போம்."

அம்மா அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு கட்டில் காலைத் தடவினாள். "முடிச்சு நல்லா இறுக்கிப் போடு. அவரு கனமான மனுசன்" என்றாள்.

ஆனந்தமேரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். 'பேசத் தெரிஞ்ச ஆளு இவன்...' இல்லை, பேச இல்லை. கேட்கத் தெரிந்த ஆள்.

அடுத்த நாலு சாயங்காலமும் வேலை நடந்தது. உட்கார்ந்து கட்டளை போடுகிறவளாக அவள் இல்லை. கரிச்சுவரைச் செங்கல் துண்டால் தேய்த்தாள். நகம் போயிற்று. சுண்ணாம்பு கரைத்தாள். அவன் அதில் ஒரு சிட்டிகை நீலம் போடச் சொன்னான்.

"பச்சை அடிச்சா அழகா இருக்காது?"

"அழகா இருக்கும். அம்புட்டுச் சுவரும் நம்ம மேல சாஞ்சு நிக்கும். நீலம் கலந்த வெள்ளைன்னா சுவரு தள்ளிப் போன மாதிரி இருக்கும்."

"இதெல்லாம் எங்க படிச்சீக?"

"படிக்கல. நாளெல்லாம் படத்துக்குச் சட்டம் போடுறேன்ல? ஓரத்துல கறுப்பு வச்சா உள்ள இருக்குற மூஞ்சி சுருங்கும். வெள்ளை வச்சா மூச்சு விடும். ரூமும் ஒரு படந்தான்."

காலண்டரில் பத்து இறங்கியது. மாதா படங்களை அம்மா வெட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். விறகு வெளியே சுவரோரம் போயிற்று. கதவுதான் சண்டையைக் கொண்டுவந்தது. ஒற்றைக் கதவை நடுவில் அறுத்து ரெட்டைக் கதவாக்கினால், திறக்கும்போது ஒவ்வொரு பாதியும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் என்றான். ரம்பத்தை வைத்தவுடன் செபாஸ்தியம்மாள் ஓடி வந்தாள்.

"ஏலே, யார் கதவ யாரு அறுக்குறது? என் முன் வீடு இருக்கப்ப இதென்னாடீ கூத்து? ஊரு ஒலகத்துல இல்லாத பொண்ணு பாக்குறதா?"

"உங்க வீட்டுல எல்லாரும் உக்காந்தாச்சு பெரியம்மா. இந்தத் தடவ எங்க வீட்டுல" என்றாள் ஆனந்தமேரி. "பிடிக்கலன்னா திங்கக்கெழமை புதுக் கதவு நானே மாட்டித் தாரேன். இப்பச் செத்த நேரம் அந்தப் பக்கம் பிடிச்சுக்கங்க, ஆடுது."

என்ன நினைத்தாளோ... திட்டிக்கொண்டே பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்குக் கீறல் இருந்ததே? அம்மா பிடிவாதமாக நின்றாள், உடைந்தது வீட்டுக்கு ஆகாது என்று. ஞானராஜ் கண்ணாடி வெட்டுகிற வைர ஊசியை எடுத்தான். கீறல் ஓடிய மட்டும் ஒரு கோடு இழுத்துத் தட்டினான். மூலை தனியாக விழுந்தது. எதிர் மூலையையும் அதே அளவுக்கு வெட்டினான். "இப்ப இது ஒடஞ்சது இல்ல, ஆத்தா. வெட்டுனது."

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அவன் அப்போது கூரை மேல் இருந்தான். ஒரு மண் ஓட்டை உருவிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி ஓடு சொருகிக்கொண்டிருந்தான். ஓட்டை வழியாகத் தண்ணீர் சடசடவென்று அறைக்குள் கொட்டியது.

"எறங்குங்க! நனையிறீக!"

"சட்டியத் தூக்கி வையி! சுண்ணாம்பு நனையிது!"

அவள் சட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கொட்டுவது நின்றிருந்தது. ஓடு பொருந்திவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இருட்டாகவே இருந்த அந்த அடுப்பு மூலையில் ஒரு சதுர வெளிச்சம் விழுந்திருந்தது. மழை வெளிச்சம்... பாலில் நீர் கலந்த மாதிரி. அந்தச் சதுரத்துக்கு நேர் மேலே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவன் முகம். முடியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கண்ணாடி மேல் விழுந்தது. ஒவ்வொரு சொட்டும் விழும்போது அவன் கண்கள் கலைந்து, மறுபடி கூடின.

அவன் ஏதோ சொன்னான். கண்ணாடியும் மழையும் சொல்லை விடவில்லை. அவள் தலையை ஆட்டினாள், என்னவென்று தெரியாமலே. கண்ணை எடுக்க வேண்டும் என்று தோன்றியது... எடுக்கவில்லை. அவனும்தான்.

'கடவுளே... ஞாயித்துக்கெழமை யாருக்கோ இந்த ரூமு...'

சனிக்கிழமை வெளிச்சம் மங்குமுன் எல்லாம் முடிந்தது. வாசலுக்கு எதிர்ச் சுவரில் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினான். ரெட்டைக் கதவைத் திறந்தால் தெரு மொத்தமும் உள்ளே வந்தது. பாயை விரித்து எட்டு இடத்தில் எட்டுச் சாக்குக்கட்டித் துண்டை வைத்துக் காட்டினான்.

"இது மாப்பிள்ளை. இது அவுக அம்மா. இப்பிடி நாலு, அப்பிடி ரெண்டு. முழங்கால் இடிக்காது. காப்பித் தட்டோட நீ வந்து போக நடுவுல வழி."

"நீங்களும் வருவீகள்ல?"

"நான் எதுக்கு? ஒம்பதாவது ஆளாவா?" சட்டையை உதறித் தோளில் போட்டான். "எட்டுக்குத்தான் கணக்குச் சரியா இருக்கு. ஒம்பது பேரு கொள்ளாது."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் திரும்பிப் பார்க்காமல் போனான். பார்த்திருந்தால் ஒருவேளை...

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எட்டுப் பேரும் வந்தார்கள். வாசலில் சூசைமுத்துவின் தாயார் நின்றாள். உதட்டைச் சுழித்துக்கொண்டு வந்தவள், சுழித்தபடியே உள்ளே பார்த்தாள். சுழிப்பு மெல்ல அவிழ்ந்தது.

"என்னப்பா... பத்துக்கு எட்டுன்னாக?"

"பத்துக்கு எட்டுத்தான், அம்மா. உக்காருங்க" என்றாள் ஆனந்தமேரி.

உட்கார்ந்தார்கள். எட்டுப் பேர். முழங்கால் இடிக்கவில்லை. மேலே கட்டில், கீழே வெளிச்சம். கேசரி வந்தது, காப்பி வந்தது. "யார் வீடு இது?" என்று யாரும் கேட்கவில்லை. செபாஸ்தியம்மாள் வாசற்படியில் நின்றாள், உள்ளே இடம் கேட்கத் தெரியாமல்.

அம்மாவின் முகத்தை ஆனந்தமேரி பார்த்தாள். நாலு வருஷத்தில் அந்த முகம் இப்படி நிமிர்ந்ததில்லை. ஜெயித்தாச்சு. அவ்வளவுதான்... ஜெயித்தாச்சு.

சூசைமுத்து நல்ல மாதிரியான பையன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவன் உட்கார்ந்த இடம் கண்ணாடிக்கு நேர் எதிரே. வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து முன்முடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். காப்பியை அவள் நீட்டியபோது, கண்ணாடிக்குள் இருந்த தன் கை டம்ளரை வாங்குவது சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கினான். இவ்வளவுக்கும் ஞானராஜைத்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் கண்ணாடியை மாட்டச் சொன்னது யார்?

"கையில என்னா கறை?" என்றாள் தாயார்.

"ஆவாரம்பட்டை."

"அது கெடக்கு. இனிமே வேலைக்குப் போக வேணாம். மூணு மாசத்துல வெளுத்துரும். மத்த பொண்ணுக கை மாதிரி ஆயிரும்." எல்லாரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்களுக்குச் சம்மதம். சின்ன எடத்த இம்புட்டு வெசாலமா வச்சிருக்கா, எங்க வீட்டயும் வச்சுக்குவா. ஆமா, இதெல்லாம் செஞ்ச ஆளு யாரு? எங்க வீட்டுக்கும் அனுப்பி விடுங்க."

ஆனந்தமேரி சுற்றிப் பார்த்தாள். சுவரில் அவன் கை. கதவில் அவன் கை. மேலே முடிச்சில் அவன் கை. கண்ணாடி ஓட்டின் சதுரம் நகர்ந்து இப்போது யாருடைய மடியிலோ கிடந்தது. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தேடியது ஒன்பதாவது ஆளை.

"எனக்குச் சம்மதம் இல்ல, அம்மா" என்றாள்.

டம்ளர்கள் நின்றன.

"உங்க பையன் மேல குறையில்ல. வீடு தேடி வந்தீக, உக்காந்தீக, அது எனக்குப் பெருசு. ஆனா எம் மனசு இங்க இல்ல. இருக்குன்னு பொய் சொல்லி உங்க வீட்டுக்கு வந்தா அது உங்களுக்குத்தான் கெடுதல்."

அப்புறம் நடந்ததை எழுத ரொம்ப இல்லை. எட்டுப் பேரும் எழுந்தார்கள். தாயார் சொன்ன வார்த்தைகளில் 'திமிரு' என்பதுதான் லேசானது. ரெட்டைக் கதவு அகலமாகத் திறந்திருந்ததால் கோபத்தோடு போவதற்கும் வசதியாக இருந்தது.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப எதுக்குடீ வாரமெல்லாம் முதுகொடிச்ச?"

"உக்கார எடமில்லன்னு சொன்னாகள்ல? உக்கார வச்சேன். அம்புட்டுத்தான்."

"அந்தக் கண்ணாடிக்காரப் பையனா?"

"ஆமா."

அடி விழும் என்று நின்றாள். விழவில்லை. அம்மாவின் கண் நிறைந்து வழிந்தது, அதைத் துடைக்கவுமில்லை. "வேலைக்குப் போகாம நீ ஒரு நாளாச்சும் உக்காருவேன்னு நெனச்சேன்... அதுதான் போச்சு. அவனுக்கு வீடு வாசல் ஏதாச்சும் இருக்கா?"

"தெரியாது. கேக்கல."

அம்மா மேலே பார்த்தாள். "உங்கப்பன் என்னையக் கட்டிக்கிட்டப்ப தோல் கிட்டங்கில ஒரு மூலையிலதான் இருந்தோம். சாக்குத்தான் சுவரு. நானும் கேக்கலடீ." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய்க் கேட்டுட்டு வா. இல்லன்னு சொன்னான்னா அழுதுக்கிட்டு வராத. என்ன செய்யலாம்னு யோசிச்சுட்டு வா" என்றாள்.

ஆனால் அன்றே ஓடிவிடவில்லை அவள். அதற்கு முன் செபாஸ்தியம்மாளிடம் போய் ஒரு மணி நேரம் பேசினாள்.

திங்கட்கிழமை வேலை விட்டதும் கடைக்குப் போனாள். ஞானராஜ் சட்டக் கட்டையை இழைப்புளியால் சீவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"எட்டுப் பேரும் உக்காந்தாகளாமே. பாய் சொன்னாரு. சந்தோஷம். கல்யாணப் படத்துக்குச் சட்டம் என்ன கலரு?"

"கல்யாணம் இல்ல. வேணாம்னுட்டேன்."

இழைப்புளி நின்றது. சுருள் சுருளாக மரச்சீவல் அவன் காலடியில்.

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் கண்களில் ஒரு கணம் ஏதோ எரிந்தது... அதை அவனே அணைத்தான். "மேரி, இங்க பாரு. இந்தப் பட்டறைக்கு மேல ஒரு பலகை தெரியுதா? ஆறுக்கு மூணு. அதுலதான் படுக்குறேன். மலையில அண்ணன் வீட்டுல எனக்குன்னு ஒரு சாண் இல்ல. உன்னைய எங்க கூட்டிட்டுப் போவேன்? உங்க வீட்டோட வந்து இருக்குற ஆளும் நான் இல்ல. ஊருக்கெல்லாம் எடம் பண்ணிக் குடுக்குறவன்... எனக்கு எடம் கெடையாது. அதனாலதான் சனிக்கெழம திரும்பிப் பாக்காமப் போனேன்."

"முடிச்சுட்டீகளா? இப்ப நான் பேசலாமா?"

அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"லைன்ல கடைசி ரூமு. எட்டுக்கு ஆறு. பெரியம்மா விறகு போட்டு வச்சிருக்கு. எலி ஓடுதுன்னு எவனும் குடி வரல. கேட்டுட்டேன். தாரேன்னு சொல்லிருச்சு... ஒரு கண்டிசன். அது வீட்டுக்கும் ரெட்டைக் கதவு ஒண்ணு போட்டுக் குடுக்கணுமாம்."

"எட்டுக்கு ஆறா?" தன்னை அறியாமல் அவன் கை விரிந்து காற்றில் அளந்தது. "சன்னல்?"

"இல்ல."

"மேக்க பாத்த சுவரா?"

"ஆமா."

"அப்ப ஒரு சன்னல் ஒடைக்கலாம்... சாயங்கால வெயில் வரும்... மேல ஒரு பரண்..." நிறுத்திக்கொண்டான். சிரிப்பை அடக்கத் தெரியாத அந்தக் கண்கள் நனைந்திருந்தன. "எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் வந்தியா?"

"பாதிதான். மீதி நீங்க. வர்ற மாசம் ஆகமன காலம் வந்துரும். அதுக்கப்புறம் கிறிஸ்மஸ் தாண்டுற வரைக்கும் கோயில்ல கல்யாணம் கெடையாது. மூணு ஞாயிறு பூசையில கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கணும்ல? இன்னைக்கே சாமியார்கிட்ட எழுதிக் குடுத்தா வர்ற ஞாயிறு மொத ஓலை. அவரு திங்கக்கெழமதான் பேரு எழுதுறாரு, இன்னைக்கு விட்டா தை மாசந்தான். அம்மா கோயில் வாசல்ல நிக்கிது."

உள்ளேயிருந்து நூர் முகமதுவின் குரல் வந்தது. "ஏம்ப்பா, கடைய நான் அடைச்சுக்குறேன். பொண்ணக் காக்க வைக்காத!"

"செத்த இருங்க பாய்!" என்று கத்தினான். பிறகு அவளிடம் மெதுவாக, "சாமியார் கேப்பாருல்ல... என்ன இம்புட்டு அவசரம்னு?"

"கேப்பாரு. நீங்க என்ன சொல்லுவீக?"

அவன் மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டான். தட்ட ஒன்றும் இல்லாத இடத்திலும் தட்டினான். "உண்மையச் சொல்லிருவேன். எட்டுப் பேருக்கு எடம் அளந்தேன் சாமி... ஒவ்வொரு துண்டா வைக்கிறப்ப, இந்த எடத்துல உக்காரப் போறவன் வராமப் போயிரணும்னு நெனச்சேன். கதவக் கொஞ்சம் கோணலா மாட்டியிருந்தாப் போதும், கட்டில இறக்கி விட்டிருந்தாப் போதும், ஒரு பய உக்காந்திருக்க மாட்டான். மனசு வரல. அவ வீடு அது. அவ குனிஞ்சு நிக்கிறத என்னால பாக்க முடியாதுன்னு சொல்லுவேன்."

ஆனந்தமேரி விடவில்லை. "அதெல்லாம் சாமியாருக்கு வெளங்காது. சுருக்கமாக் கேப்பாரு."

"...பிடிச்சிருக்குன்னு சொல்லுவேன்."

"யாருக்கு யாரைன்னு கேப்பாரு."

"எனக்கு..." நிமிர்ந்து அவள் கண்ணுக்கு நேராகப் பார்த்தான். இந்தத் தடவை நடுவில் ஒன்றும் இல்லை. "எனக்கு ஆனந்தமேரிய. உசுரா."

அவள் கையை நீட்டினாள்... கறையேறிய கையை, மறைக்காமல். அவன் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும்" என்றாள். "வாங்க, மணியாகுது."